இரண்டு முறை வந்த அரை மணி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் காது மெஷின் இன்னும் விசிலடிக்கிறதா, ரிப்பேருக்குக் கொடுத்தாயா? போனில் உன்னோடு பேசினால் தெருவுக்கே கேட்கிறது, உனக்கு மட்டும் கேட்பதில்லை. ஆகவே பழையபடி கடிதம்தான் நமக்குக் கதி. நாங்கள் இருவரும் சுகம். தப்பு. இருவர் இல்லை, மூவர்.

ஆமாம் அண்ணா. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து. நாலு மாதம் தாண்டட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதையே நீ நம்பமாட்டாய். ஜூலை நடுவில் என்று டாக்டர் சொல்கிறார். இவர் இப்போதெல்லாம் பஸ்ஸை அவ்வளவு மெதுவாக உருட்டுகிறாராம். "வண்டியில யாரும் மாசமா இல்லையேண்ணே, எதுக்கு இந்தப் பவ்யம்?" என்று கண்டக்டர் கேட்டாராம். இவர் சிரித்திருக்கிறார். அதிலேயே டிப்போ முழுக்கத் தெரிந்துபோயிற்று.

இன்னொன்று. எங்கள் பிராந்தியத்துக்கு மட்டும் கடிகாரத்தை அரை மணி பின்னால் தள்ளப் போகிறார்களாமே, ரேடியோவில் சொன்னார்கள். சட்டம் எழுதுவது உன் பிரிவுதானே? நல்லதுதான். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் விடியும் முன்பே இருட்டில் பஸ் ஏறுகின்றன. ஆனால் எங்கள் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் ஒருத்திக்கும் ஒன்றும் புரியவில்லை. "உங்க அண்ணன்கிட்ட கேளு" என்று என்னையே பிடுங்குகிறார்கள். ஏற்கெனவே நீ என்னைவிடப் பதினொரு வயது பெரியவன். இனி அரை மணியும் சேர்த்தா?

உன் சாப்பாட்டை ஒழுங்காகக் கவனி.

உன் தங்கை

பிப்ரவரி 12

வாயாடித் தங்கைக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் பிரித்தது தப்பாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறேன், மறுபடி துடைக்கிறேன், பக்கத்து மேஜைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறார். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அம்மா போன பிறகு உனக்குத் தலைவாரிவிடத் தெரியாமல் கோணலாக வகிடெடுத்து அனுப்பினேனே, அந்தத் தலைக்கா இப்போது ஒரு பிள்ளை! உள்ளே இருப்பது ஆணோ பெண்ணோ, வாண்டு என்றுதான் நான் கூப்பிடப் போகிறேன். வாண்டுக்கு மாமன் சுகம் என்று சொல். இரும்பு மாத்திரையை வாயில் போட்டு ஜன்னல் வழியாகத் துப்பாதே. எனக்குத் தெரியும் உன்னை.

நேர மாற்றம் என் தலையில்தான் விடிந்திருக்கிறது. ஏதோ முள்ளைத் திருப்பி வைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு துறையும் ஒரு பூதத்தைக் கிளப்புகிறது. அன்றைக்கு ஆலைத் தொழிலாளி அரை மணி கூட வேலை செய்வானே, கூலி யார் தருவது? பன்னிரண்டு மணியோடு முடியும் ஒப்பந்தம் எந்தப் பன்னிரண்டு மணியோடு முடிகிறது? நள்ளிரவில் மாற்றலாம் என்றார்கள். மின்சாரத் துறை, ஆட்கள் தூக்கத்தில் தப்பு செய்வார்கள் என்று மறுத்துவிட்டது. கடைசியில் ஏப்ரல் பதினாறு, ஞாயிறு, பகல் பன்னிரண்டரை என்று முடிவாயிற்று. பன்னிரண்டரை ஆனதும் முள் மறுபடி பன்னிரண்டுக்குப் போகும். கோர்ட், பேங்க், கடை எல்லாம் மூடியிருக்கும்.

பஸ்களெல்லாம் அந்த நேரத்தில் எங்கே இருக்கின்றனவோ அங்கேயே ஓரங்கட்டி அரை மணி நிற்க வேண்டும், அப்போதுதான் அட்டவணையோடு ஒத்துப்போகும். மாப்பிள்ளையிடம் சொல், மச்சான் புண்ணியத்தில் அரை மணி ஓய்வு.

சட்டத்தில் பிரிவு ஏழு முழுக்க என் கைவண்ணம். முள் திரும்பும் முன்னால் நடந்தது பழைய நேரத்தில், பின்னால் நடந்தது புது நேரத்தில் பதிய வேண்டும். ஒன்றை மற்றொன்றாக மாற்றி எழுதும் அதிகாரி தண்டனைக்குரியவர். ஒரு தில்லுமுல்லும் நடக்காது. செயலாளரே தட்டிக்கொடுத்தார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

மார்ச் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

காது மெஷின் என்னாயிற்று என்று நீ எழுதவே இல்லை. வாண்டு நேற்று முதல்முறையாக உதைத்தது. கவுண்ட்டரில் ஒருவருக்கு ரசீது கொடுத்துக்கொண்டிருந்தேன். "ஐயோ" என்று கத்திவிட்டேன், அந்த மனிதர் தன் பெயரில் ஏதோ பிழை என்று பயந்துவிட்டார்.

உன் பிரிவு ஏழின் நகல் வந்தது. அழகாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் ஒரு சந்தேகம். கோர்ட்டும் பேங்க்கும் ஞாயிற்றுக்கிழமை மூடும். பிரசவ வார்டு மூடாதே அண்ணா. முதல் தடவை வரும் பன்னிரண்டு இருபதுக்கு ஒரு குழந்தை பிறக்கிறது என்று வை. ஆகக் கூடாது, ஆனாலும் வை. முள் திரும்பிய பிறகு, இரண்டாவதாக வரும் பன்னிரண்டு பத்துக்கு அது இறந்துபோகிறது. உன் சட்டப்படி இரண்டையும் அப்படியே எழுத வேண்டும். அப்படி எழுதினால் அந்தக் குழந்தை பிறப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே செத்துப்போயிற்று என்றாகும். எங்கள் கம்ப்யூட்டர் இதை ஏற்காது. சிவப்புக் கட்டம் போட்டு நின்றுவிடும்.

பெரிய வேலை இல்லை. அந்த அரை மணிக்கு மட்டும் நேரத்துக்குப் பக்கத்தில் 'முதல்', 'இரண்டாம்' என்று ஒரு சொல் போட வழி செய்தால் போதும். எழுதுவாயா?

நான் காட்டுகிற ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஒரு கூத்து. இதயத் துடிப்பு பார்க்கும் மெஷினில் முழு மணியாகத்தான் நேரம் மாற்ற முடியுமாம், அரை மணி மாற்ற முடியாதாம். "இதில் அரை மணி கழித்துக்கொள்ளவும்" என்று நர்ஸ் அட்டையில் எழுதித் தொங்கவிடத் தயாராக வைத்திருக்கிறாள்.

நீ எப்போது வருகிறாய்?

உன் தங்கை

மார்ச் 14

வாயாடிக்கு,

வாண்டின் உதையை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். முதுகு வலிக்கிறது என்று எழுதவில்லையே, வலிக்கவில்லையா, மறைக்கிறாயா?

உன் சந்தேகத்தை நேர மாற்றக் குழுவில் வாசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சத்தம் கேட்கவில்லை, தோள்கள் குலுங்கியதைப் பார்த்தேன். நானும் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை. "உங்க தங்கச்சியை இங்க மாத்திடலாமா?" என்றார் செயலாளர். பிராந்தியம் முழுக்க அந்த அரை மணிக்குள் பிறந்து அதற்குள்ளேயே போகிற குழந்தை எங்கே இருக்கப் போகிறது? கம்ப்யூட்டர் கம்பெனியைக் கேட்டோம். ஒரு கட்டம் சேர்க்க ஆறு மாதம் என்கிறார்கள். நாள் தள்ளிப்போனால் மந்திரி குதிப்பார். ஆகவே விட்டுவிட்டோம். நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், வராத மழைக்குக் குடை பிடிப்பவள்.

ஒரு ரகசியம். தச்சரிடம் ஒரு தொட்டில் சொல்லியிருக்கிறேன். ஆணியே இல்லாமல் இழைத்துச் செய்கிறார். ஒவ்வொரு சாயங்காலமும் போய் நின்று பார்க்கிறேன். "சார், நீங்க நின்னா எனக்குக் கை நடுங்குது" என்கிறார்.

வேளாவேளைக்குத் தூங்கு.

அண்ணன்

ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னதால் வீட்டில்தான் இருக்கிறேன். இவர் சமைக்கிறார். உப்பு மட்டும் தகராறு.

நேர மாற்றம் நல்லபடியாக நடந்தது. குழாயில் தண்ணீர் சரியாக வந்தது. பிள்ளைகள் வெளிச்சத்தில் பள்ளிக்குப் போகின்றன. எல்லோரும் உங்களைப் பாராட்டுகிறார்கள்.

எங்கள் கவுண்ட்டருக்கு ஒரு விவகாரம் வந்திருக்கிறது. ஒரு பெண்ணுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை குறைமாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. ஆண் குழந்தை. முதல் பன்னிரண்டு இருபத்தொன்றுக்குப் பிறந்தான். இரண்டாவது பன்னிரண்டு பதினொன்றுக்கு இறந்தான். இருபது நிமிடம் இருந்தான். டாக்டர் இரண்டு நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கம்ப்யூட்டர் ஏற்க மறுக்கிறது. பிரிவு ஏழுக்குப் பயந்து யாரும் நேரத்தை மாற்றவும் துணியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நாங்கள் என்ன சொல்வது?

உன் தங்கை

மே 6

அன்புத் தங்கைக்கு,

படுத்தே இருக்கச் சொன்னார்களா? ரத்த அழுத்தமா, வீக்கமா? ஒரு வரியில் எழுதிவிட்டால் நான் இங்கே எதை எதையோ கற்பனை செய்து சாகமாட்டேனா? மாப்பிள்ளையின் உப்பைப் பற்றி எழுத இடம் இருக்கிறது, இதற்கு இல்லையா?

அந்தக் குழந்தை விஷயம் பாவம்தான். நீ சொன்னது நடந்தே விட்டதே என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. உடனே செயலாளரிடம் போனேன். சுற்றறிக்கை நானே எழுதினேன், இத்துடன் நகல். இப்படிப்பட்டவற்றை 'இறந்தே பிறந்தது' என்று பதிந்துவிடலாம். அந்தப் படிவத்தில் ஒரே ஒரு நேரக் கட்டம்தான், கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்காது. பெயர் வேண்டாம், இரண்டு சான்றிதழ் வேண்டாம். அந்தப் பெண்ணுக்கும் இதுதான் நல்லது. இருபது நிமிடத்துக்கு எதற்கு இரண்டு காகிதம்? சீக்கிரம் மறக்கட்டும். அவளிடம் நீயே பக்குவமாகச் சொல். உனக்கு அது வரும்.

தொட்டிலை லாரியில் ஏற்றிவிட்டேன். சாக்கு சுற்றியிருக்கிறது, பிரிக்கும்போது கத்தி படாமல் பிரிக்கச் சொல். வாண்டு இப்போது எப்படி உதைக்கிறது?

அண்ணன்

மே 29

அண்ணனுக்கு,

நலமா? தொட்டில் வந்து சேர்ந்தது. கீறல் எதுவும் இல்லை.

உன் சுற்றறிக்கையும் வந்தது. அந்தப் பெண் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். பதிவாளர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "ஒரு கையெழுத்தும்மா, எல்லாருக்கும் நிம்மதி" என்றார். அவள், "அவன் அழுதான் சார். செத்துப் பிறந்த பிள்ளை அழுமா?" என்று கேட்டாள். பதிவாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பூனைக்குட்டி மாதிரி மெல்லிய அழுகையாம். அவள் விரலைப் பிடித்தானாம். அவளிடம் அவன் நினைவாக வேறு எதுவும் இல்லை, போட்டோகூட இல்லை. அவன் இருந்தான் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறாள்.

மறக்கட்டும் என்று எழுதியிருந்தாய். அவளிடம் அதை நான் சொல்லவில்லை.

உன் தங்கை

ஜூன் 7

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் சுகமா? உங்களுக்கு நான் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை, பதறாதீர்கள். பதறிக்கொண்டிருப்பது நான்.

அவள் கடிதத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். வாண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் இல்லை. முந்தைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், அதிலும் வாண்டு இல்லை. ஒரு ரசீதுக்கு மூன்று பக்கம் எழுதுகிறவள், தொட்டிலுக்கு இரண்டு வரி எழுதியிருக்கிறாள். எனக்குக் காதுதான் மந்தம். தயவுசெய்து உள்ளதைச் சொல்லுங்கள்.

மச்சான்

ஜூன் 13

மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், முதலில் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். எனக்கு எழுத வராது. நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் உங்கள் தங்கைதான்.

அன்று காலை பதினொரு மணி வாக்கில் வலி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் கூட்டிப்போயிருக்கிறார். டிப்போவுக்குச் சொல்லி, எனக்கு வழியில் தகவல் வந்தது. டவுனுக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது பன்னிரண்டரை ஆகிவிட்டது. எல்லா வண்டியும் நிற்க வேண்டும் என்று ஆர்டர். நான் நிறுத்தினேன். கண்டக்டர், "அண்ணே, விட்டுட்டு ஓடுங்க" என்றார். வண்டி நிறையச் சனம். பிரசவம் என்றால் சாயங்காலம் வரை ஆகும் என்றுதான் நினைத்தேன். மரத்தடியில் நின்று டீ குடித்தேன் மச்சான். டீ குடித்தேன்.

நான் போனபோது துணி சுற்றி வைத்திருந்தார்கள். சூடு இருந்தது.

உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருந்தாள். அதை மீறிவிட்டேன். உயிரோடு நான் பார்க்காத பிள்ளை. அவன் உயிரோடு இருந்தான் என்று ஒரு காகிதத்திலாவது நான் படிக்க வேண்டும். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவளுக்கு இருக்கிறது.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

ஜூலை 16

தங்கைக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. வாயாடி என்று எழுதவும் கை வரவில்லை. ஒரு மாதமாக எழுதாததற்குக் காரணம் உண்டு. மாப்பிள்ளை கடிதம் கிடைத்த அன்றே ஸ்டேஷனுக்கு ஓடினேன். டிக்கெட்டும் வாங்கினேன். வெறுங்கையோடு வந்து உன் முகத்தை எப்படிப் பார்ப்பது? 'சீக்கிரம் மறக்கட்டும்' என்று எழுதிய கை இது. டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆபீசுக்கே திரும்பிவிட்டேன்.

சட்டத்தில் ஏதாவது சிக்கல் வந்தால் அரசு ஒரு ஆணை போட்டுச் சரிசெய்யலாம் என்று கடைசிப் பிரிவு இருக்கிறது. நல்லவேளை, அதையும் நான்தான் எழுதியிருந்தேன். ஆனால் மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். இன்றோடு முடிகிறது. கோப்பு நான்கு மேஜை ஏறி இறங்கியது. நேற்று செயலாளர் கூப்பிட்டார். "ஒரே ஒரு குழந்தைக்காகவா ஆணை கேக்கறீங்க?" என்றார். திருப்பிச் சொல்லச் சொன்னேன். காது கேட்காமல் இல்லை, இன்னொரு தடவை அதை அவர் வாயால் சொல்லட்டும் என்றுதான். சொன்னார். "ஆமா சார், ஒரே ஒரு குழந்தைக்குத்தான். அது என் மருமகன்" என்றேன். அவர் கையெழுத்துப் போடும்போது என்னைப் பார்க்கவில்லை.

இனி அந்த அரை மணிக்கு 'முதல்', 'இரண்டாம்' என்று எழுதலாம். நீ மார்ச் மாதம் எழுதிய அதே சொற்கள், ஒரு எழுத்துக்கூட நான் மாற்றவில்லை. ஆறு மாதம் ஆகும் என்ற கம்பெனிக்காரர்கள் ஒரே மதியத்தில் கட்டத்தைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லி என்ன, சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

நேற்றுதான் டாக்டர் உனக்குச் சொன்ன நாள். எனக்கு ஞாபகம் இருந்தது.

அண்ணன்

ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இளைத்திருப்பாய். ஒரு வேளை சாப்பிட்டு இரண்டு வேளை பட்டினி கிடக்கிற ஆள் நீ. நான் எழுந்து நடமாடுகிறேன். நேற்று வேலைக்குப் போனேன்.

போனதும் கவுண்ட்டருக்கு வெளியே நின்றேன், உள்ளே போகவில்லை. என் பக்கத்து சீட்டுக்காரி என்னைப் பார்த்துவிட்டு எழுந்து, என் நாற்காலியில் உட்கார்ந்தாள். "சொல்லுங்கம்மா" என்றாள், எல்லோரிடமும் கேட்பது போலவே. அவள் மகராசியாக நெடுநாள் இருக்கட்டும். பிறப்பு, பன்னிரண்டு இருபத்தொன்று, முதல். இறப்பு, பன்னிரண்டு பதினொன்று, இரண்டாம். சிவப்புக் கட்டம் வரவில்லை. இவர் எனக்குப் பின்னால் நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். தங்கையாகக் கேட்டால் நீ எனக்காகத் தலைகீழாக நிற்பாய், அது எனக்குத் தெரியும். யாரோ ஒரு பெண்ணாகக் கேட்டால் என்ன செய்வாய் என்று பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. உன் மேல் எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை அண்ணா. போகும், கொஞ்சம் நாளாகும்.

இதை யாரிடமும் சொன்னதில்லை, இவரிடமும். அவன் என் நெஞ்சில் கிடந்தபோது வார்டு ஆள் ஸ்டூல் போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தைத் திருப்பினான். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் தெரிந்த நான், உனக்கே சட்டம் சொல்லிக் கொடுத்த நான், அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் தெரியுமா? என் பிள்ளைக்கு அரை மணி கூடக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

தொட்டிலைப் பிரசவ வார்டுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் இவர். நான் இன்னும் சரி சொல்லவில்லை.

சான்றிதழ்களின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பெயர்க் கட்டம் வந்ததும் பக்கத்து சீட்டுக்காரி விரலை நிறுத்திக்கொண்டாள். நாங்கள் பெயர் எதுவும் யோசித்து வைக்கவில்லை, ஜூலைக்கு நாள் இருக்கிறதே என்று இருந்துவிட்டோம். அவனை இந்த உலகத்தில் ஒரே ஒரு பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறோம். அதையே சொன்னேன். "அப்படியேவா?" என்று கேட்டாள். அப்படியேதான் என்றேன். இரண்டு சான்றிதழிலும் அச்சாகியிருக்கிறது, பார். வாண்டு.

வெறுங்கையோடு வா அண்ணா. கண் மூக்கு எல்லாம் யார் ஜாடை என்று உன்னிடம் சொல்ல வேண்டும். கிட்ட உட்கார்ந்து, உன் காதோரம் சொல்கிறேன்.

உன் தங்கை